டுரியான் தோட்டத்துக்கு ஒரு பின்னச்சு

எனக்கு வண்டி ஓட்டத் தெரியாது. இதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். ஏனென்றால் இனி வரப்போவது, சேற்றில் ஓடும் வண்டி ஒன்றின் பின்னச்சை, அதாவது பின்சக்கரங்கள் இரண்டையும் தாங்கும் அச்சை, எப்படி மாற்ற வேண்டும் என்று, வண்டி ஓட்டத் தெரிந்தவர்களுக்கு நான் சொல்லிக்கொடுத்த கதை. ஓட்டுநர் தேர்வுக்குப் போயிருக்கிறேன். ஒரு முறைக்கு மேலேயே போயிருக்கிறேன். கடைசியாக என்னைச் சோதித்தவர் கண்ணியமான மனிதர். இறங்கிய பிறகு கதவைப் பிடித்துக்கொண்டே, என் வீட்டுக்குப் பக்கத்தில் எம்ஆர்டி ரயில் நிலையம் இருக்கிறதா என்று விசாரித்தார். கிளமெண்டி, நடக்கிற தூரம்தான் என்றேன். நிம்மதியாகத் தலையாட்டிவிட்டுப் போனார். அதற்குப் பிறகு நான் தேர்வுக்குப் போகவில்லை.

பின்னச்சு என் வாழ்க்கைக்குள் வந்தது ஒரு வாழையிலை வழியாக. சிங்கப்பூரில், சிராங்கூன் சாலையை ஒட்டிய சந்தில் நாங்கள் வழக்கமாகச் சாப்பிடும் கடை. நான், என் மனைவி, அவளுடைய தம்பி, தம்பியின் மனைவி. என் மைத்துனர் கிராஞ்சியில் செடிப்பண்ணை வைத்திருக்கிறார். அடுக்குமாடி வீடுகளின் நடைபாதையில் நிற்கிற துளசியும் கறிவேப்பிலையும் பாதிக்குப் பாதி அவர் கையால் தொட்டிக்கு வந்தவை என்று சொல்லிக்கொள்வார். அந்த நிலம் குத்தகை. கெடு முடிந்ததும் திருப்பிக் கொடுத்துவிட வேண்டும். பிறந்ததிலிருந்து பன்னிரண்டாம் மாடியில் வளர்ந்தவர் அவர். காலுக்குக் கீழே தன்னுடையது என்று சொல்லிக்கொள்ள ஒரு பிடி மண் இருந்தது என்றால், அது அவர் மனைவிக்கு அப்பா விட்டுப்போன டுரியான் தோட்டம்தான். மலேசியாவில், ஜோகூரின் கோத்தா திங்கிக்கும் அப்பால், எண்ணெய்ச் செம்பனைக் காடுகளுக்கு நடுவில் ஒரு பள்ளத்தில் இருக்கிறது.

அன்றைக்கு அவர் கைப்பேசியில் ஒரு படத்தைக் காட்டினார். அவருடைய பிக்அப் வண்டி சேற்றில் சாய்ந்து நின்றது. பின்பக்கச் சக்கரம் ஒன்று, தன்னோடு சேர்ந்த இரும்புத் தண்டையும் இழுத்துக்கொண்டு, வண்டியை விட்டு வெளியே வந்திருந்தது. பல் பிடுங்கியதுபோல.

"மூடுங்க அத. சாப்பிடுற இடம்," என்றாள் அவர் மனைவி. எனக்குத் தங்கை முறை. ஜோகூர்க்காரி. எதையும் சுற்றி வளைக்க மாட்டாள். என் பக்கம் திரும்பினாள். "அண்ணே, இந்த சீசன்ல பாதிப் பழம் வெடிச்சு அங்கேயே கெடந்துச்சு. வண்டி ஏத்தத்துல உக்காந்துருச்சு, வெளிய எடுக்க முடியல. டுரியான் என்ன அரிசியா, வச்சிருந்து விக்க? விழுந்த அன்னைக்கே போகணும். பக்கத்து செம்பனைத் தோட்டக்காரன் வெல கேட்டுக்கிட்டே இருக்கான். அடுத்த சீசனும் இப்படியே ஆச்சுன்னா குடுத்துடுறதா இருக்கேன்."

மைத்துனர் இலையைப் பார்த்துக்கொண்டிருந்தார். ரசம் இலையின் ஓரத்தை நோக்கி ஓடியது. அவர் தடுக்கவில்லை.

"உங்கப்பா தோட்டம் ஆச்சே," என்றாள் என் மனைவி.

"எங்கப்பாவே அத வித்துடணும்னுதான் சொல்லிக்கிட்டு இருந்தாரு அண்ணி. எனக்கு ஒண்ணுமில்ல. இவருக்குத்தான் உசுரு. வண்டியில கோளாறு இல்ல, அந்த ஏத்தத்துலதான் விஷயமே. அங்க மட்டும்..."

அவளை நான் முடிக்க விடவில்லை. என் கண் அந்தப் படத்தைவிட்டு அகலவில்லை. "தண்டு எந்த இடத்துல உடைஞ்சிச்சு மாப்ளே?" என்று கேட்டேன். இந்தக் கேள்வியை நான் கேட்டிருக்கக் கூடாது என்பது பிறகு தெரிந்தது.

மைத்துனர் உயிர் வந்தவர்போல் நிமிர்ந்தார். "அதுக்கு முன்னாடி நடந்ததுதான் அத்தான் கொடுமை. ஒரு பக்கத்து வீல் சேத்துல சும்மா சுத்துது. இன்னொன்னு நல்ல தரையில நிக்குது, அசைய மாட்டேங்குது. மிதிக்க மிதிக்க, சுத்துறதே சுத்துது, நிக்கிறது நிக்கிது. அப்புறம் சட்டுனு அது புடிச்சிச்சு பாருங்க, டொக்குனு முறிஞ்சிருச்சு."

எனக்குச் சோறு இறங்கவில்லை. நல்ல தரையில் நிற்கிற சக்கரம் ஏன் சுற்றவில்லை? ஒரே இயந்திரம், ஒரே தண்டு. வழுக்குகிறவனுக்கு எல்லாப் பலத்தையும் கொடுத்துவிட்டு, ஊன்றி நிற்கிறவனுக்கு ஒன்றும் கொடுக்காத ஏற்பாட்டை எந்தப் புத்திசாலி செய்தான்? நான் வேலை பார்த்த அலுவலகங்களில் இதைக் கண்டிருக்கிறேன். அதற்கென்று ஒரு இயந்திரமே இருக்கும் என்று எண்ணியதில்லை.

அந்த இயந்திரத்துக்கு டிஃபரன்ஷியல் என்று பெயர். பின்னச்சின் நடுவில் பூசணிக்காய்போல் உருண்டிருக்கிற பகுதிக்குள் அது உட்கார்ந்திருக்கிறது. சிராங்கூன் சாலையில் ஓடும் பேருந்துகளுக்குக் கீழே இத்தனை காலமும் அந்தப் பூசணிக்காய் தொங்கிக்கொண்டிருந்திருக்கிறது, நான் குனிந்து பார்த்ததில்லை. அடுத்த வாரம் ஒரு நிறுத்தத்தில் குனிந்து பார்த்தேன். பின்னால் நின்ற அம்மா, ஏதாவது விழுந்துவிட்டதா என்று கேட்டு அவரும் குனிந்தார்.

வண்டி வளைவில் திரும்பும்போது வெளிப்பக்கச் சக்கரம் அதிகத் தூரம் ஓட வேண்டும், உள்பக்கச் சக்கரம் குறைந்த தூரம். இரண்டையும் ஒரே கம்பியில் இறுக்கிவிட்டால் ஒன்று சாலையைத் தேய்த்துக்கொண்டு வரும். ஆகவே நடுவில் சில பல்சக்கரங்களை வைத்து ஓர் ஒப்பந்தம் செய்திருக்கிறார்கள். நீ கொஞ்சம் முந்து, அவன் கொஞ்சம் பிந்தட்டும், இருவரும் சேர்ந்து மொத்தச் சுற்று சரியாக வந்தால் போதும். தார்ச்சாலையில் அருமையான ஒப்பந்தம். சேற்றில் அதுவே வினையாகிறது. ஒருவன் இரண்டு பேருடைய சுற்றையும் தானே சுற்றிவிட்டு, கணக்கு சரியாகிவிட்டது என்று நிற்கிறான்.

மொத்தம் சரியாக வந்தால் போதும் என்ற இந்த இடத்தை வாசகர்கள் நினைவில் வைத்திருக்க வேண்டும். நான் வைத்திருக்கவில்லை.

பாடப் புத்தகங்களுக்கு மெய்ப்புப் பார்ப்பது என் தொழில். காலையில் கிளமெண்டியில் ரயில் ஏறினால் அலுவலகம் வரும்வரை கைப்பேசியில் அச்சுகள்தான். தாடி வைத்த ஆஸ்திரேலியர்கள் செம்மண்ணில் மல்லாந்து படுத்துக்கொண்டு, தங்கள் வண்டிகளின் அடிவயிற்றைப் பற்றிப் பாசத்தோடு பேசினார்கள். பக்கத்து இருக்கைக்காரர்கள் முதலில் எட்டிப் பார்ப்பார்கள், பிறகு என் முகத்தைப் பார்ப்பார்கள், பிறகு கொஞ்சம் தள்ளி உட்கார்ந்துகொள்வார்கள்.

நான் தெரிந்துகொண்டது இது. மைத்துனரின் வண்டியில் இருந்தது எளிய வகை அச்சு. அதில் சக்கரத்தைச் சுற்றுவதும் அந்தத் தண்டுதான், பாரத்தைத் தாங்குவதும் அந்தத் தண்டுதான். உடைந்தால் சக்கரமும் கூடவே வந்துவிடும். கனரக வண்டிகளில் இருப்பது வேறு வகை. அதில் பாரத்தை வெளிக்கூடு தாங்கிக்கொள்கிறது, தண்டுக்குச் சுற்றுவது மட்டுமே வேலை. சுமப்பவர் ஒருவர், இழுப்பவர் ஒருவர். தண்டு உடைந்தாலும் சக்கரம் தன் இடத்திலேயே நிற்கும். அதோடு டிஃபரன்ஷியலுக்கு ஒரு பூட்டு வாங்கிப் பொருத்தலாம். பொத்தானை அழுத்தினால் அந்த ஒப்பந்தம் ரத்தாகி, இரண்டு சக்கரங்களும் ஒன்றாகச் சுற்றும்.

இதை நான் மைத்துனருக்கு அரை மணி நேரம் விளக்கினேன். அவருக்கு இதில் பாதி முன்பே தெரியும். ஆனாலும் கேட்டுக்கொண்டிருந்தார். தோட்டத்தைக் காப்பாற்ற யாராவது வழி சொன்னால் அவர் கேட்பார். நான் என்பதால் அல்ல, யார் சொல்லியிருந்தாலும் கேட்டிருப்பார்.

சிங்கப்பூரில் வண்டிகள் நோயில் சாவதில்லை. பத்து வயதில், நல்ல ஆரோக்கியத்தோடு, அரசு கொடுத்த உரிமைத்தாளின் கெடு முடிந்து சாகின்றன. ஆகவே பழைய இரும்புக் கடைகளில் கிடக்கும் உடல்கள் மிகவும் புத்துணர்ச்சியோடு இருக்கும். கிராஞ்சி பக்கம் அப்படி ஒரு கடையில், மைத்துனரின் வண்டியைச் செய்த அதே நிறுவனத்தின் லாரி ஒன்றிலிருந்து கழற்றிய பின்னச்சு கிடைத்தது. நாங்கள் தேடிய கனரக வகை. இரண்டு மரக்கட்டைகளின் மேல், இரு பக்கமும் சக்கரம் பொருத்தும் உருளைகளோடு, ஆளில்லாத தராசுபோல் கிடந்தது.

அங்கே ஒரு சோதனை செய்ய வேண்டியிருந்தது. ஒவ்வொரு அச்சுக்கும் ஒரு விகிதம் உண்டு. இயந்திரத்திலிருந்து வரும் தண்டு எத்தனை முறை சுற்றினால் சக்கரம் ஒரு முறை சுற்றும் என்பதுதான் அது. நான்கு சக்கரமும் இழுக்கிற வண்டியில் முன்னச்சின் விகிதமும் பின்னச்சின் விகிதமும் ஒன்றாக இருந்தே ஆக வேண்டும். மைத்துனரின் வண்டியில் அது நாலு புள்ளி ஒன்று. சக்கரம் பத்துச் சுற்றுச் சுற்ற, தண்டு நாற்பத்தொரு சுற்றுச் சுற்ற வேண்டும்.

"எண்ணிட்டா போச்சு," என்றேன். எண்ணுவது எனக்கு வரும். பிழைப்பே அதுதான்.

என் பக்கத்து உருளையில் சாக்பீஸால் கோடு போட்டேன். மைத்துனர் நடுவில் குந்தி உட்கார்ந்து, தண்டு மாட்டும் தகட்டைக் கையால் சுற்றினார். அவர் தன் சுற்றை எண்ண, நான் என் கோட்டைப் பார்த்தேன். உருளையின் பத்தாவது சுற்று முடிந்தபோது அவர் வாயில் நாற்பத்தொன்று வந்தது. இருவரும் கைகுலுக்கிக்கொண்டோம்.

மறுபக்கத்து உருளையை யாரும் பார்க்கவில்லை. அந்தப் பக்கம் குழாய்த் தண்ணீர் தேங்கிச் சேறாக இருந்தது. என் காலில் இருந்தது புதுச் செருப்பு.

பட்டறை பக்கத்துத் தொழிற்பேட்டையில்தான் இருந்தது. அதன் முதலாளி நம் ஆள், அறுபதைத் தொட்டவர். தான் கை வைக்காத வண்டியே இந்தத் தீவில் இல்லை என்று தினமும் ஒரு முறையாவது சொல்லிவிடுவார். நான் படித்ததையெல்லாம் சொல்லத் தொடங்கிய முதல் நாளிலிருந்தே எனக்கு வாத்தியார் என்று பெயர் வைத்துவிட்டார்.

"வாத்தியாரே, தே ஓ குடிங்க. வாய் மூடியிருக்கும்," என்று பால் விடாத தேநீரை நீட்டுவார்.

அச்சைப் பிரித்துப் பூட்டுள்ள புது டிஃபரன்ஷியலை மாட்டுகிற நாளன்று அவர் கேட்டார், "ரேஷியோ பாத்தாச்சா?"

"அத்தானே எண்ணிட்டாரு. பத்துச் சுத்து," என்றார் மைத்துனர்.

"வாத்தியாரா? அப்ப சரி. புத்தகத்துல கமா தப்பா இருந்தாலே புடிச்சிடுற ஆளு."

கிரவுன் வீல் என்கிற பெரிய பல்சக்கரம் அவர் மேசையில் துடைத்துப் பளபளவென்று கிடந்தது. பற்களை எண்ண ஒரு நிமிடம் ஆகியிருக்காது. அவர் எண்ணவில்லை. நான் என் தே ஓவைக் குடித்துக்கொண்டு, அது எவ்வளவு அழகாக இருக்கிறது என்று பார்த்துக்கொண்டிருந்தேன். உண்மையிலேயே அழகாகத்தான் இருந்தது. பற்கள் நேராக இல்லாமல் சற்றே வளைந்து, நீரில் சுழி எழும்புவதுபோல் மையத்திலிருந்து புறப்பட்டுப் போயின. எதற்காக அந்த வளைவு என்று கேட்டேன். நேர்ப்பல் ஒன்று முடிந்த பிறகுதான் அடுத்தது பிடிக்கும், வளைபல் ஒன்று விடுவதற்கு முன்பே அடுத்தது பிடித்துக்கொள்ளும், அதனால்தான் சத்தம் வருவதில்லை என்றார். அன்று வீட்டுக்கு வரும் வழியெல்லாம் அதையே நினைத்துக்கொண்டு வந்து, இறங்க வேண்டிய நிலையத்தைத் தாண்டிப் போய்விட்டேன்.

வண்டியில் இப்படி மாற்றம் செய்ய அனுமதி வேண்டும், வரைபடம் வேண்டும், பரிசோதனை வேண்டும். அதையெல்லாம் பட்டறைக்காரர் பார்த்துக்கொண்டார். மாதங்கள் ஓடின. எல்லாம் ஒழுங்காகத் தேறியது. சாலையில் ஓட்டிப் பார்த்தோம், தேனாக ஓடியது. வேகம் காட்டும் முள் மட்டும் முன்பைவிடச் சற்றே கூடுதலாகக் காட்டியது.

"வண்டிக்கு வயசு குறைஞ்சிருச்சு அத்தான்," என்றார் மைத்துனர்.

நான்கு சக்கர இயக்கத்தில் போட்டு ஓட்டிப் பார்க்க முடியவில்லை. அதற்கு வழுக்கும் தரை வேண்டும். இந்த ஊரில் சேறு இருப்பது கட்டுமான இடங்களில்தான். அங்கேயும் லாரி வாசலைத் தாண்டுவதற்குள் சக்கரத்தைக் கழுவிவிடுகிறார்கள். நானறிந்தவரை பொதுமக்கள் பார்வைக்குக் கிடைத்த சேறு அந்தப் பழைய இரும்புக் கடையில் மட்டும்தான். அதை நான் சுற்றிக்கொண்டு போய்விட்டேன்.

சீசன் வந்தது. தங்கை முன்னதாகவே கோத்தா திங்கியில் தன் அக்கா வீட்டுக்குப் போய்விட்டாள். தினமும் மழை என்றாள். பழம் கொட்டுகிறது என்றாள். சனிக்கிழமை அதிகாலை மைத்துனர் கிளமெண்டிக்கு வந்து என்னை ஏற்றிக்கொண்டார். உட்லண்ட்ஸ் எல்லைச் சாவடியில் வழக்கமான வரிசை. எங்களைச் சுற்றி மோட்டார்சைக்கிள்கள் ஈசல்போல் முன்னேறின. ஜோகூருக்குப் போகும் பாலத்தின் நடுவில் வந்தபோது மைத்துனர், "அவ குடுத்துடுவா அத்தான். சொன்னா செய்யிற ஆளு," என்றார்.

"இந்த ஆக்ஸில் இருக்கறவரைக்கும் குடுக்க வேண்டியிருக்காது," என்றேன்.

தோட்டத்துக்குப் போகிற வழியைச் சொல்லிவிடுகிறேன். பெரிய சாலையிலிருந்து செம்பனைகளுக்கு நடுவே ஒரு களிமண் இறக்கம். அடியில் ஓடையின் மேல் சிமெண்டுத் தரை, ஒரு பேருந்து நீளத்துக்கு. அதைத் தாண்டினால் தோட்டம். போகும்போது இறக்கமாக இருப்பது, பழத்தோடு திரும்பும்போது ஏற்றம். போன சீசனில் தண்டு முறிந்தது அங்கேதான்.

இறக்கத்தின் தலைப்பில் மைத்துனர் லீவரைத் தள்ளி நான்கு சக்கர இயக்கத்துக்கு மாற்றினார். வண்டி பூனைபோல் இறங்கியது. சிமெண்டுத் தரையில் ஏறியதும் சக்கரங்கள் கீச் கீச்சென்று கத்தின. ஏதோ கிளிக்கூண்டை ஏற்றிக்கொண்டு வந்ததுபோல் இருந்தது.

"புதுச் சாமான். பழகணும்," என்றார் மைத்துனர். நானும் ஆமாம் என்றேன்.

தோட்டத்தில் பழங்கள் குவிந்திருந்தன. தங்கை முழங்கால்வரை ரப்பர் காலணி போட்டுக்கொண்டு, தடித்த கையுறையோடு நின்றாள். அவள் அக்கா வீட்டு ஆட்கள் இரண்டு பேர் கூடைகளை ஏற்றினார்கள். ஏற்றி முடித்தபோது வண்டியின் பின்பக்கம் நன்றாக அழுந்தியிருந்தது. தங்கை அதைக் குனிந்து பார்த்தாள்.

"தாங்குமா?"

"இப்ப பாரத்தத் தாங்குறது தண்டு இல்ல தங்கச்சி, வெளிக்கூடு..."

"தாங்குமான்னு கேட்டேன்."

"தாங்கும்."

தாங்கவும் செய்தது. தங்கையும் எங்களோடு ஏறிக்கொள்ள, சிமெண்டுத் தரைவரை எந்தக் குறையுமில்லை. அதன் நடுவில் வண்டி முனகியது. வேகம் குறைந்தது. யாரோ பின்னாலிருந்து பிரேக்கைப் பிடித்துக்கொண்டதுபோல் இழுத்துப் பிடித்து, அப்படியே நின்றுவிட்டது. மைத்துனர் லீவரை இழுத்தார். வரவில்லை. இரண்டு கையாலும் இழுத்தார். சிமெண்டில் பதித்து வைத்ததுபோல் இருந்தது. ஸ்டீயரிங்கும் இரும்பாகக் கனத்தது. எதிரே அந்த ஏற்றம், மழையில் குளித்துப் பளபளத்துக்கொண்டிருந்தது. பின்னால் காலையில் விழுந்த பழம், மணக்கத் தொடங்கியிருந்தது.

மைத்துனர் ஸ்டீயரிங்கின் மேல் நெற்றியை வைத்துக்கொண்டார். நான் பட்டறைக்காரரைக் கூப்பிட்டு, எல்லாருக்கும் கேட்கும்படி வைத்தேன். கீச் சத்தத்தைச் சொன்னேன், முனகலைச் சொன்னேன், லீவரைச் சொன்னேன்.

"வாத்தியாரே, எண்ணுனீங்களே, அப்ப மறுபக்கத்து டிரம் எத்தன சுத்து சுத்துச்சு?"

"அதப் பாக்கல."

"யாருமே பாக்கலயா?"

"அந்தப் பக்கம் சேறா இருந்துச்சு."

"சேறா இருந்துச்சு," என்று அவர் மெதுவாகத் திரும்பச் சொன்னார். "சேத்துல ஓடுற வண்டிக்கு ஆக்ஸில் பாக்கப் போனவரு, சேறா இருக்குன்னு அந்தப் பக்கம் போகல."

"நீங்க பிரிச்சப்ப பல்ல எண்ணியிருக்கலாமே?"

"படிச்ச மனுஷன் எண்ணியாச்சுன்னாங்க. அப்புறம் நான் எதுக்கு எண்ணுறேன்?"

அந்த சிமெண்டுத் தரையில் நின்றுகொண்டு எனக்கு எல்லாம் விளங்கியது. விளங்கியதும், வெட்கப்பட்டுக்கொண்டே, ஒரு கணம் மகிழ்ச்சியாகவும் இருந்தது. அதை மைத்துனரிடம் இன்றுவரை சொல்லவில்லை. மறுபக்கத்து உருளை எங்கோ லேசாக உரசிக்கொண்டு, என் பக்கத்தைவிடக் கொஞ்சம் பிந்தியே சுற்றியிருக்கிறது. அது பிந்திய அளவுக்கு என் பக்கம் முந்தியிருக்கிறது. மொத்தம் சரியாக வந்தால் போதும் என்பதுதானே ஒப்பந்தம். மொத்தத்தில் ஒரு பாதியை மட்டும் பார்த்துவிட்டு நான் நாலு புள்ளி ஒன்று என்றேன். உண்மையில் அது நாலு புள்ளி மூன்று. இரண்டு சக்கரங்களும் ஒரே அளவு சுற்ற வேண்டியதில்லை என்று ஊரெல்லாம் விளக்கிக்கொண்டு திரிந்தவன், ஒரே ஒரு சக்கரத்தை எண்ணிவிட்டு வந்திருக்கிறேன்.

ஆகவே முன்சக்கரங்கள் கொஞ்சம் வேகமாகப் போகப் பார்த்தன, பின்சக்கரங்கள் கொஞ்சம் நிதானமாக வரப் பார்த்தன. களிமண்ணில் இருவரும் வழுக்கிச் சமாளித்துக்கொண்டார்கள். காலி வண்டியாக வந்தபோது சிமெண்டில் கீச்சென்று வழுக்கினார்கள். பாரம் ஏறியதும் வழுக்க முடியவில்லை. நடுவிலிருந்த தண்டுகளெல்லாம் துணி பிழிவதுபோல் முறுக்கிக்கொண்டுவிட்டன.

"முன்னால போகாதீங்க," என்றார் பட்டறைக்காரர். "ரிவர்ஸ் போட்டு மெல்ல பின்னால வாங்க. முறுக்கு அவுறும். அவுறுற நேரத்துல லீவர் தானா வரும். அதுக்கப்புறம் ஃபோர் வீலத் தொடாதீங்க. தொட்டீங்கன்னா முன்னுக்கும் பின்னுக்கும் பலத்தப் பிரிச்சுக் குடுக்கிற நடுப்பெட்டி போயிரும்."

"அப்ப ஏத்தத்துல?"

"பின்வீலு மட்டும்தான். பூட்டப் போட்டு ஏறிப் பாருங்க."

பின்னால் வந்தபோது, ஓரிடத்தில், லீவர் வெண்ணெய்போல் வந்தது.

மூவரும் ஏற்றத்தைப் பார்த்தோம். போன சீசனில் நான்கு சக்கரமும் இழுத்தே ஏற முடியாமல் நின்ற இடம். இப்போது இரண்டே சக்கரம்.

"பாதிய எறக்கிடலாம்," என்றார் மைத்துனர். குரல் தேய்ந்திருந்தது. "பாதியாவது போகட்டும்."

"வேண்டாம் மாப்ளே. பாரம் பின்னாலதான் இருக்கு, பின்வீலுதான் இழுக்கப் போகுது. பாரம்தான் அழுத்திப் புடிச்சுக்கும். எறக்கினா வழுக்கும்."

தங்கை என்னைப் பார்த்தாள். "இது எண்ணுனதா அண்ணே, படிச்சதா?"

"படிச்சது."

"அப்பச் சரி. போகட்டும்."

நாங்கள் இருவரும் இறங்கி ஓரமாக நின்றோம். வண்டி ஏற்றத்தில் கால் வைத்தது. கொஞ்சத் தூரம் போனதும் பழையபடி ஒரு சக்கரம் வழுக்கியது. சுற்றுகிறதே சுற்றியது, நிற்கிறது நின்றது. சாப்பாட்டுக் கடையில் கேள்விப்பட்டதை நேரில் பார்த்தேன். மைத்துனர் பொத்தானை அழுத்தினார். நின்ற சக்கரம் விழித்துக்கொண்டதுபோல் ஒரு குலுக்கல் குலுங்கிச் சுற்றத் தொடங்கியது. இரண்டும் சேர்ந்து சேற்றை வாரி எங்கள் மேல் இறைத்தன. வண்டி பக்கவாட்டில் நழுவியது, தங்கை என் கையைப் பிடித்துக்கொண்டாள், செம்பனை மட்டை ஒன்று மடாரென்று கண்ணாடியில் அடித்தது, பின்சக்கரங்கள் அடியிலிருந்த கெட்டி மண்ணை எப்படியோ எட்டிப் பிடித்தன. நடக்கிறவன் வேகத்தில், முக்கி முனகி, வண்டி மேலே போய்ப் பெரிய சாலையின் ஓரத்தில் நின்றது. மைத்துனர் கதவைத் திறந்து இறங்கினார். வண்டியைச் சுற்றி வந்து பின்சக்கரத்தைத் தொட்டுப் பார்த்தார். அது இருந்த இடத்திலேயே இருந்தது.

என் செருப்பில் ஒன்று ஏற்றத்தின் நடுவில் மாட்டிக்கொண்டது. அது அங்கேயே கிடக்கிறது.

கோத்தா திங்கியில் பழம் வாங்குகிறவர் கூடைகளைத் தட்டிப் பார்த்து, முகர்ந்து பார்த்து, ஒன்றைக்கூட ஒதுக்காமல் இறக்கிக்கொண்டார். கடைக்கு முன்னால் போட்டிருந்த பிளாஸ்டிக் நாற்காலிகளில் உட்கார்ந்து எங்கள் பங்குக்கு ஒன்றைப் பிளந்தோம். தங்கை ஒரு சுளையை வாயில் போட்டுக்கொண்டு, "செம்பனைக்காரன் கிட்ட இந்த வருஷம் இல்லேன்னு சொல்லிடுறேன்," என்றாள். மைத்துனர் கொட்டையை வெகுநேரம் சப்பிக்கொண்டே இருந்தார்.

எனக்குத் தெம்பு வந்துவிட்டது. அடுத்து செய்ய வேண்டியதை விளக்கத் தொடங்கினேன். பின்னச்சை மாற்ற வேண்டாம், முன்னச்சின் பல்சக்கரங்களையும் நாலு புள்ளி மூன்றாக மாற்றிவிட்டால் இரண்டும் சமமாகிவிடும், இந்த முறை பற்களையே எண்ணிவிடலாம், முன்னாலும் ஒரு பூட்டுப் போட்டுக்கொண்டால் இன்னும் நல்லது என்றேன். மைத்துனர் முன்னால் சாய்ந்து கேட்டார்.

தங்கை வாடை போவதற்காக விரல்களை டுரியான் ஓட்டில் ஊற்றிய தண்ணீரில் கழுவிக்கொண்டாள்.

"அண்ணே, அன்னைக்குச் சாப்பாட்டுக் கடையிலேயே சொல்ல வந்தேன். நீங்க தண்டு எங்க உடைஞ்சிச்சுன்னு கேட்டீங்க, சரின்னு விட்டுட்டேன். அந்த ஏத்தத்துல ரெண்டு லோரி கல்லக் கொட்டிட்டா, எங்க அக்கா வீட்டு வேனே வந்து ஏத்திக்கிட்டுப் போயிரும்லா."